திருத்தக் கூடாத கோப்பில் எழுதியவர்

"இப்போதைக்கு ஓடுதுங்க டீச்சர்."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கணக்கு டீச்சருக்கே கணக்குத் தப்பிப்போகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் வீட்டுக்கு வரும் பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ "இப்போதைக்கு" என்று வாயைத் திறந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடுகிறது. அவர்கள் பாவம், காரணம் தெரியாமல் முழிக்கிறார்கள்.

கடத்தூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கணினி ஆசிரியர் இடம் காலியாகவே இருந்ததால் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடத்தையும், கூடவே கணினி அறையின் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் சங்கம் ஓர் ஆளை வைத்திருந்தது. அவரைப் பற்றித்தான் சொல்கிறேன். தற்காலிக வேலை. ஏப்ரலோடு முடிந்துவிடும், ஜூனில் தலைமையாசிரியை மறுபடி ஆர்டர் போட்டால்தான் உண்டு.

நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், இடது மணிக்கட்டில் எப்போதும் நாலைந்து ரப்பர் பேண்டு. அந்த ரப்பர் பேண்டுகளை வைத்தே அந்த அறையை அவர் கட்டிக் காத்தார். மவுஸ் ஒயர் தளர்ந்தால் ரப்பர் பேண்டு, ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டால் ரப்பர் பேண்டு. கதவுத் தாழ்ப்பாள் உடைந்தபோது துணி மாட்டும் கம்பியை வளைத்துச் சொருகினார். ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுத் தாழ்ப்பாள் போடலாமே என்றால், "அதெல்லாம் எதுக்குங்க, இப்போதைக்கு நிக்குது பாருங்க" என்பார். நிற்கத்தான் நின்றது. அடுத்த வாரம் அவரே வந்து மறுபடி வளைப்பார்.

அவருடைய மொபெட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பொம்மிடியில் குடியிருந்தார். அங்கிருந்து தினமும் அந்த வண்டியில்தான் வருவார். ஆக்சிலேட்டர் ஒயர் பாதியில் அறுந்து, செம்புக் கம்பி போட்டு முறுக்கியிருந்தது. மெக்கானிக்கிடம் விட்டால் அரை மணி நேர வேலை. விடமாட்டார். வழியில் எங்காவது நின்றுவிட்டால் இறங்கி, முறுக்கிவிட்டு, துடைத்துக்கொண்டு வருவார். வந்ததும் கையைக் காட்டிச் சிரிப்பார், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி.

ஆனால் என்னை நிஜமாகவே பைத்தியமாக்கியது அந்தக் கணினிகளின் விஷயம்தான்.

ஓசூரில் ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய பழைய கணினிகள் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தன. எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம். பழைய மெஷின் என்பதால் ஒரு தொல்லை இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் லினக்ஸ் தன் இஷ்டத்துக்குத் திரையின் அமைப்பை மாற்றப் பார்க்கும், திரையை இயக்கும் அந்தப் பழைய சில்லுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் திரை இருண்டுவிடும். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. இதற்கு மருந்து ஒரே ஒரு சொல்தான்: நோமோட்செட். திரையைத் தொடாதே, இருக்கிறபடி விடு என்று பொருள். மெஷின் கிளம்பும்போது அந்தச் சொல்லை அதன் காதில் போட்டுவிட்டால் சமர்த்தாக எழுந்து வந்துவிடும்.

எப்படிப் போடுவது என்பதில்தான் எங்கள் சண்டை. ஸ்விட்சைப் போட்டவுடன் ஒரு பட்டியல் வரும். அதில் ஆங்கில இ எழுத்தை அழுத்தி, கீழே போய், லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அந்தச் சொல்லை அடிக்கலாம். ஆனால் அது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். மெஷினை அணைத்தால் போச்சு. நிரந்தரமாக வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் அமைப்புக் கோப்பு இருக்கிறது. அதில் ஒருமுறை எழுதி, ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் முடிந்தது வேலை. லினக்ஸின் மூலப்பகுதியான கெர்னல் சில வாரங்களுக்கு ஒருமுறை இணையம் வழியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அப்படி எத்தனை புதுக் கெர்னல் வந்தாலும் அந்தச் சொல் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அவர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு வழி வைத்திருந்தார். அந்த அமைப்புக் கோப்பைப் பார்த்து மெஷின் தானே தயாரித்துக்கொள்ளும் இன்னொரு கோப்பு உண்டு. அதன் தலையிலேயே, 'இந்தக் கோப்பைத் திருத்தாதே' என்று எழுதியிருக்கும். இவர் அதைத் திறந்து, அந்த எச்சரிக்கைக்குக் கீழேயே உட்கார்ந்து திருத்துவார். சில வாரங்கள் ஓடும். புதுக் கெர்னல் வந்ததும் மெஷின் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதிக்கொள்ளும், இவர் எழுதியது அடியோடு அழிந்துபோகும். மறுநாள் காலையில் அறையைத் திறந்தால் வரிசையாகக் கறுப்புத் திரைகள்.

"சார், மேலேயே போட்டிருக்கே, திருத்தாதேன்னு. படிக்க மாட்டீங்களா?"

"படிச்சனுங்க."

"படிச்சிட்டுமா அதுல எழுதறீங்க?"

"இப்போதைக்கு ஓடுதுங்களே டீச்சர்."

அப்புறம் ஒவ்வொரு மெஷினாகப் போய், இ அழுத்தி, அடித்து, திறந்து, திருத்தி, மத்தியானம் வரை உழைப்பார். முகத்தில் ஒரு சலிப்பு இருக்க வேண்டுமே, கிடையாது. "எந்திரிடா கண்ணு" என்று மெஷினைக் கொஞ்சுவார். சரியான கோப்பின் பெயரைப் பலகையில் எழுதிக் காட்டினேன். என் தம்பி பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறான், அவனைப் போனில் பேசவைத்தேன். அவனிடம் "சரிங்க சார், சரிங்க சார்" என்று பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். போய்ப் பழைய கோப்பிலேயே எழுதினார். எருமை மாட்டின்மேல் மழை பெய்ததுபோல என்பார்களே, அந்த எருமையாவது காதை ஆட்டும்.

சரி, கெர்னல் புதுப்பிப்பையாவது நிறுத்தி வையுங்கள் என்றேன். அதற்கு மட்டும் பதறிவிட்டார். "அய்யோ, அது தப்புங்க. வைரஸ் வந்துருங்க. புள்ளைங்க மெஷினுங்க" என்றார். கோப்பில் எழுதும்போது மட்டும் அந்த அக்கறை எங்கே போகிறது என்று கத்தினேன்.

பிள்ளைகளுக்கோ இது பாட்டாகவே ஆகிவிட்டது. 'இ அமுக்கு, கீழ எறங்கு, எண்டுல நில்லு, எடம் உட்டு அடி' என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். உலகத்தில் எந்தக் கணினியை எழுப்பினாலும் இதைச் செய்தாக வேண்டும் என்றே நினைத்திருந்தார்கள். எங்களிடம் படித்து சேலத்தில் கல்லூரி சேர்ந்த ஒரு பெண், முதல் நாள் ஆய்வகத்தில் மெஷினைப் போட்டதும் இ எழுத்தைத் தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறாள். ஒன்றும் வராததால் "சார், இங்க நோமோட்செட் எங்க அடிக்கறது?" என்று கேட்டு, வகுப்பே சிரித்திருக்கிறது. விடுமுறையில் வந்தபோது என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். நான் அவளையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"கேளுங்க சார், உங்களால இந்தப் பொண்ணுக்கு வந்த மானக்கேட்ட."

அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அங்க அடிக்காமயே வருதாம்மா? நல்ல மெஷினு" என்றார்.

ஒருமுறை அவருடைய மகளுக்குக் காதுகுத்து என்று பொம்மிடிக்குக் கூப்பிட்டார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்ன வாடகை வீடு. பத்து வருஷமாக அதே வீடு என்றார்கள். உள்ளே போனதும் கண்ணில் பட்டது, ஒரு சுவரிலும் ஓர் ஆணி இல்லை. நாட்காட்டி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கல்யாண போட்டோ டிவி மேல் சாய்ந்திருந்தது. சாமி படங்கள் எல்லாம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

"ஒரு ஆணி அடிக்கக் கூடாதாம்மா?" என்று அவர் மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"உட மாட்டாருங்க டீச்சர். எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்களோ, செவுத்த எதுக்குக் கெடுக்கணும்னு சொல்லுவாரு. வூட்டுக்காரரே அடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. அப்பவும் கேக்க மாட்டேங்கறாரு."

அந்தம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலையில் உட்கார்ந்தபோதுகூட என் கண் அந்தச் சுவரிலேயே இருந்தது. சுத்தியல் ஒன்று கையில் கிடைத்திருந்தால் நானே நாலு அடித்துவிட்டு வந்திருப்பேன்.

பள்ளிக்கு வந்த அதே கணினிகளில் மிஞ்சிய ஒன்றை, அவற்றைக் கொண்டுவந்து கொடுத்த வியாபாரியிடமிருந்து என் மகனுக்காக நான் வாங்கியிருந்தேன். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். போண்டாவும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, "ஓடுதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் 'இப்போதைக்கு' என்று சொல்லவில்லை. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் ஒருநாள் புதுக் கெர்னல் வந்தது. மறுநாள் மகன் வழக்கம்போல் கணினியைப் போட்டான், விளையாட உட்கார்ந்தான். நான் காய் நறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அதே மெஷின். அதே லினக்ஸ். அதே கெர்னல். அப்படியென்றால் இது ஏன் இருளவில்லை? இது வாங்கி இரண்டு வருஷமாகிறது, ஒருநாள்கூட இருண்டதில்லையே!

மகனை எழுப்பிவிட்டு அந்த அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நான் இரண்டு வருஷமாகத் தொண்டை வற்றக் கத்திய அதே கோப்பில், இருக்க வேண்டிய இடத்தில், மேற்கோள் குறிகளுக்குள், இடம் விட்டு அழகாக, நோமோட்செட் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரியாமல் செய்கிறவரை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே, பலகையில் எழுதிக் காட்டியபோது புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டியவரை என்ன செய்வது?

பள்ளி திறந்த அன்று மத்தியானம் கணினி அறைக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடட்டும் என்றுகூட நான் பொறுக்கவில்லை.

"எங்க வீட்டு மெஷின்ல எந்தக் கோப்புல எழுதினீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை மெதுவாக மூடினார்.

"எழுத வேண்டியதுலதாங்க."

"அப்ப இங்க ஏன் எழுதல?"

"உங்க வூட்டுக்கு மாசாமாசம் வந்து கதவத் தட்டனா நல்லாருக்குங்களா டீச்சர்?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இங்க ஏன் எழுதல?"

"இங்க மாசாமாசம் வரணுங்களே."

நான் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார். "பென்னாகரம் பக்கம் ஒரு ஸ்கூல்ல முன்ன இருந்தனுங்க. நீங்க சொல்ற மாதிரியேதான் எழுதி வெச்சேன். வருசம் பூரா ஒரு மெஷினு மக்கர் பண்ணல. ஜூன்ல போயி நிக்கறன், 'மெஷினுங்கதான் தன்னால ஓடுதே, ஆளு எதுக்கு'ன்னுட்டாங்க. எம் பொண்ணு அப்ப கைக்கொழந்தைங்க. அப்பறம் ஒரு வருசம் வேல இல்ல." மூடிய டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டைப் போட்டார். "தப்புதாங்க. தெரியுது."

தப்புத்தான் என்று நானும் சொன்னேன். கோபம் குறைந்ததா என்றால், இல்லை. அதுவரை அவர் ஒருவர்மேல் இருந்த கோபம். அதற்குப் பிறகு அந்தப் பென்னாகரத்துப் பள்ளி, எங்கள் பெற்றோர் சங்கம், வருஷா வருஷம் வரும் ஜூன் மாதம் என்று யார்மேல் வைப்பது என்று தெரியாமல் அலைந்தது. தலைமையாசிரியையிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் கறுப்புத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் அவரிடம் கத்துவதை நிறுத்தவும் இல்லை.

செய்முறைத் தேர்வு வந்தது. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று காலை ஸ்விட்சைப் போட்டால், எது நடக்கக் கூடாதோ அதுதான் நடந்தது. முந்தின நாளே கெர்னல் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. எல்லாத் திரையும் இருட்டு. இவருக்குப் போன் போட்டால், "வந்துட்டே இருக்கனுங்க, ஒயரு அந்துபோச்சு" என்கிறார். வழியில் எங்கேயோ உட்கார்ந்து செம்புக் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறார்!

வராந்தாவில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அறை தயாராகும்வரை உள்ளே விடக் கூடாது என்று தேர்வாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெஷின் எல்லாம் கெட்டுப்போச்சாம், பரீட்சை கிடையாதாம், மார்க் போச்சு என்று ஒருத்தி கிளப்பிவிட, இரண்டு மூன்று பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

முதல் மெஷினில் உட்கார்ந்து இ அழுத்தி எழுப்பினேன். எழுந்ததும் அந்தச் சரியான கோப்பைத் திறந்தேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். எழுதிச் சேமித்தால் இந்தச் சனியன் அன்றோடு தீர்ந்தது. கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே, எழுதாமல் மூடினேன். அடுத்த மெஷினுக்குப் போய் இ அழுத்தினேன். அப்படியே கடைசிவரை, ஒவ்வொன்றாக, அந்த ஒரு தடவைக்கு மட்டும். இடுப்பு விட்டுப்போயிற்று. எந்த முறையை இரண்டு வருஷமாகக் கேலி செய்தேனோ, அதைவிட மட்டமான முறையை நானே செய்துகொண்டிருந்தேன்.

தாமதமாகத் தொடங்கினாலும் தேர்வு நல்லபடியாக நடந்து முடிந்தது. நடுவில் எப்போதோ அவர் வந்து, கையெல்லாம் கிரீஸோடு வராந்தாவிலேயே நின்றுவிட்டார். அழுது முகம் வீங்கியிருந்த பெண்ணைப் பார்த்தார். அவளிடம் ஏதோ கேட்டார், அவள் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு தலைமையாசிரியை அறைக்குள் வந்தார். நல்ல மாதிரிதான், ஆனால் கணினி என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"என்ன டீச்சர் இது, தேர்வாளர் முன்னால மானம் போச்சு. இதுக்கு நிரந்தரமா ஒரு வழி இல்லியா? பெற்றோர் சங்கத்துலயும் கேக்கறாங்க, மெஷின ஒழுங்கு பண்ணிட்டா ஆள் சம்பளம் மிச்சமாகுமேன்னு. நீங்க கணக்கு டீச்சர். நீங்க முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாது. நான் அப்படியே எடுத்துக்கறேன்."

வராந்தாவிலிருந்து உள்ளே வந்திருந்த அவர், கடைசி மெஷின் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"முடியாதுங்க மேடம்," என்றேன். "பழைய மெஷின். ஒவ்வொரு தடவையும் ஆள் வந்து அடிச்சாத்தான் வரும்."

என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. தலைமையாசிரியை சரி என்று தலையசைத்துத் திரும்பினார். அத்தோடு முடிந்திருக்கும். முடிந்திருக்க வேண்டும்.

"முடியுங்க மேடம்."

அவர்தான். திரும்பி நின்றிருந்தார்.

"டீச்சர் எனக்காவ சொல்றாங்க. ஒரு கோப்புல ஒரு தடவ எழுதிட்டா போதுங்க. அப்பறம் யாரும் தொட வேண்டியதில்ல. இன்னைக்கே எழுதிர்றனுங்க."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு, "அப்படின்னா எழுதிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் வெடித்துவிட்டேன். "உங்களுக்கு அறிவு இருக்கா? நான் வாய் கூசாம ஒரு பொய்யச் சொல்றேன், கம்முன்னு நிக்கத் தெரியாதா? ஜூன்ல என்ன பண்ணுவீங்க?"

"அந்தப் பொண்ணு அழுதுடுச்சுங்க டீச்சர். எம் பொண்ணு மாதிரிங்க."

"நான்தான் சரிபண்ணிட்டேனே!"

"அடுத்த வருசமும் அழுவுங்களே."

முதல் மெஷினில் உட்கார்ந்தார். சரியான கோப்பைத் திறந்தார், எழுதினார், கட்டளையைக் கொடுத்தார். அடுத்ததற்கு நகர்ந்தார். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றேன், பாதியை விட்டுவையுங்கள் என்றேன், கெஞ்சக்கூடச் செய்தேன். அவர் நிமிர்ந்தே பார்க்காமல் அடித்துக்கொண்டு போனார்.

"ரெண்டு வருசமா இதத்தான டீச்சர் எழுதச் சொன்னீங்க," என்றார்.

ஜூனில் அவருக்கு ஆர்டர் வரவில்லை. நான் தலைமையாசிரியையிடம் இரண்டு தடவை போய்ப் பேசினேன், சங்கத்துக்காரர்களிடம் சண்டையும் போட்டேன். மெஷின்தான் ஓடுகிறதே டீச்சர் என்றார்கள். பொம்மிடி வீட்டையும் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போன் எண் மாறிவிட்டது.

ஜூலையில் புதுக் கெர்னல் வந்தது. மறுநாள் காலை நானே அறையைத் திறந்து வரிசையாக ஸ்விட்சைப் போட்டேன். எல்லாத் திரைகளும் தானாக வெளிச்சமாயின. திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை.